சுழலும் உருளை, தவறாத குறி

செங்கோட்டையில் ரயில் ஏறித் தென்காசி வழியாகத் திருநெல்வேலிக்குச் சென்று, அங்கிருந்து மதுரைப் பக்கம் போகும் வண்டியில் அமர்ந்தால், சிறிது நேரத்தில் ஒரு சந்திப்பு நிலையம் வரும். பெயர்ப் பலகையில் 'வாஞ்சி மணியாச்சி' என்று எழுதியிருக்கும். 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் காலையில், திருநெல்வேலி மாவட்டக் கலெக்டராக இருந்த ஆஷ் துரை, இந்த நிலையத்தில் நின்றிருந்த ரயில் பெட்டிக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் என்னும் இளைஞர். சிறிது நேரத்தில் அவர் தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். இந்த வரலாற்றை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்.

வாஞ்சிநாதன் கையில் இருந்தது எந்த வகைத் துப்பாக்கி? கேட்டால் பலர் 'ரிவால்வர்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் உண்மை அதுவன்று. பெல்ஜியம் நாட்டில் செய்யப்பட்ட ப்ரௌனிங் என்னும் தானியங்கிக் கைத்துப்பாக்கி அது. அதில் சுழலும் உருளை கிடையாது.

'எதுவாக இருந்தால் என்ன, இரண்டும் துப்பாக்கிதானே?' என்று நீங்கள் கேட்கலாம். வில்லும் கவணும் ஒன்று என்று சொன்னால் எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை இதுவும். இரண்டும் இயங்கும் முறை வேறு. மேலும், ரிவால்வர்களில் ஒரு தனிக் கிளை உண்டு. எவரையும் சுடுவதற்காக அன்றி, தொலைவில் மாட்டிய காகிதத்தில் வரைந்த வட்டத்தின் நடுவில் துளையிடுவதற்காக மட்டுமே செய்யப்பட்டவை அவை. இலக்கு ரிவால்வர்கள் என்று அவற்றைச் சொல்லலாம். உலகின் பல நாடுகளில் பழைய இலக்கு ரிவால்வர்களைத் தேடிச் சேர்ப்பவர்களும், மணிக்கணக்கில் பார்த்து வியப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எதைக் கண்டு வியக்கிறார்கள்? அந்த வியப்புக்கு நம் தென்காசி, குற்றாலம் பகுதியில் இடம் உண்டா? தாத்தாவின் பழைய பெட்டியிலிருந்து அப்படி ஒன்று வெளிப்பட்டால் என்ன செய்ய வேண்டும்? இவற்றை இங்கே காண்போம்.

சுழல் துப்பாக்கி இயங்கும் விதம்

ரிவால்வர் என்றால் சுழல்வது என்று பொருள். குழலுக்குப் பின்னால் ஓர் எஃகு உருளை இருக்கும். பெரும்பாலானவற்றில் அந்த உருளையைச் சுற்றி ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஒரு தோட்டா. பின்புறம் சுத்தியல் போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. நம் முன்னோர் துப்பாக்கியின் 'குதிரை' என்று சொன்னது இதைத்தான். குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால், உருளை ஆறில் ஒரு பங்கு திரும்பி, அடுத்த அறை குழலுக்கு நேரே வந்து நிற்கும். விசையை அழுத்தினால் குதிரை முன்னால் பாய்ந்து தோட்டாவின் அடியைத் தட்டும். தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டை வெளியே தள்ளும்.

தானியங்கிக் கைத்துப்பாக்கியில் உருளை இல்லை. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். குண்டு வெளியேறும்போது எழும் எதிர்விசையே மேற்பகுதியைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். நியூட்டனின் மூன்றாம் விதி ஒரு கைப்பிடிக்குள் வேலை செய்கிறது என்று சொல்லலாம். 1911இல் இது புதிய பொறி. ரிவால்வரோ அப்போதே முக்கால் நூற்றாண்டு வயதுடையது.

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் தம் சுழல் துப்பாக்கிக்கு 1836இல் தம் நாட்டில் காப்புரிமை பெற்றார். அதில் மருந்தையும் ஈயக் குண்டையும் தனித்தனியே அறைக்குள் இட்டு நிரப்ப வேண்டும். 1857இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம், மருந்தும் குண்டும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடங்கிய தோட்டாவைப் பயன்படுத்தும் சிறிய ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வெடிக்கும் மருந்தின் அளவு ஒரே சீராக அமைந்தது. சீர் வந்த இடத்தில் துல்லியம் வந்தது. துல்லியம் வந்ததும் போட்டி வந்தது.

1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது, அமெரிக்கச் சகோதரர்களான ஜான் பெயின், சம்னர் பெயின் ஆகிய இருவரும் ரிவால்வர்களுடன் வந்து, கைத்துப்பாக்கிப் போட்டிகளில் ஆளுக்கு ஒன்றில் முதலிடம் பெற்றனர். இங்கிலாந்தில் பிஸ்லி என்னும் இடத்தில் நடந்த போட்டிகளும் இந்தக் கலையை வளர்த்தன. படைவீரனுக்கு வேண்டியது சேற்றிலும் மழையிலும் பழுதாகாத கருவி. போட்டியாளனுக்கு வேண்டியதோ முடிக்கு முடி பிசகாத கருவி. இந்த இரண்டாவது தேவையிலிருந்து இலக்கு ரிவால்வர் பிறந்தது.

ஒரு மில்லிமீட்டரின் விலை

இப்போது சிறிது கணக்குப் போடுவோம். காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களும் சரிபார்க்கலாம்.

குறி பார்ப்பதற்காகக் குழலின் முனையில் ஒரு சிறிய முள்ளும், பின்புறம் ஒரு காடியும் இருக்கும். காடியின் நடுவில் முள் நேராகத் தெரியும்படி பிடித்துச் சுட வேண்டும். ஆறு அங்குலக் குழல் உடைய ஒரு ரிவால்வரில் முள்ளுக்கும் காடிக்கும் இடையே 180 மில்லிமீட்டர் தொலைவு என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 25 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அதாவது 25,000 மில்லிமீட்டர். ஒத்த முக்கோணங்களின் விதிப்படி, முள் காடியின் நடுவிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகினால், குண்டு இலக்கில் ஏறத்தாழ 139 மில்லிமீட்டர் விலகிப் படும். அதாவது அரைச் சாணுக்கும் மேல்.

பன்னாட்டுப் போட்டிகளில் 25 மீட்டர் துல்லியச் சுடுதலுக்குரிய இலக்கில், பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். மையத்திலிருந்து விளிம்புவரை 25 மில்லிமீட்டர்தான். அப்படியானால் முள் எவ்வளவு விலகலாம்? 0.18 மில்லிமீட்டர். நீங்கள் எழுதும் நோட்டுப் புத்தகத்தின் இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய அந்தக் கனம் இருக்கும். நீட்டிய கையின் முனையில் ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட எஃகைத் தாங்கிக்கொண்டு, இரண்டு தாள் கனத்துக்குள் நடுக்கத்தை அடக்க வேண்டும்!

இதனால்தான் இலக்கு ரிவால்வரின் குழல் நீளமாக இருக்கிறது. முள்ளுக்கும் காடிக்கும் இடைத்தொலைவு கூடக்கூட, அதே அளவு பிசகு இலக்கில் குறைவாகத் தெரியும். பின்புறக் காடியை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்த நுண்ணிய திருகுகளும் உண்டு. சாதாரணப் படை ரிவால்வரில் இத்தகைய திருகுகளைக் காண்பது அரிது. பழைய துப்பாக்கியைக் கையில் எடுக்கும் சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது இந்தத் திருகுகளைத்தான்.

அறை அறையாக ஒரு பொருத்தம்

அடுத்து உருளை. ஆறு அறைகள் என்பதால் ஒவ்வொரு முறையும் அது சரியாக 60 பாகை திரும்ப வேண்டும். உருளையின் பின்புறம் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். குதிரையோடு இணைந்த ஒரு சிறு எஃகு விரல் பல்லை நெம்பித் திருப்புகிறது. சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீல் பற்களையும் அவற்றில் படியும் நாக்கையும் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அறை குழலுக்கு நேரே வந்தவுடன், கீழிருந்து ஒரு முளை எழும்பி உருளையின் புறத்தில் உள்ள பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்கிறது.

இந்தப் பூட்டு ஒரு பாகை பிசகினால் என்ன ஆகும்? உருளையின் மையத்திலிருந்து அறையின் மையம் 12 மில்லிமீட்டர் தொலைவில் இருந்தால், ஒரு பாகைப் பிசகு 0.2 மில்லிமீட்டர் விலகலைத் தரும். குண்டு குழலின் வாயில் நேராக நுழையாமல் ஒரு பக்கம் உராயும், ஈயம் சீவப்படும், ஒரு பக்கம் எடை குறைந்த குண்டு நேராகச் செல்லாது. ஆறு அறைகளும் ஆறு முறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எந்திரங்கள் இன்றுபோல் கணிப்பொறியால் இயங்காத காலத்தில், கடைசிப் பொருத்தத்தைத் தொழிலாளி கையரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தான். கிணுக்கென்று பூட்டும் அந்த ஒலியில் அவன் கைத்திறன் கேட்கிறது.

உருளைக்கும் குழலுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருந்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் உருளை சுழலாது. அது பெரும்பாலும் 0.15 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். சுடும்போது சூடான வாயு இந்த இடுக்கின் வழியே பக்கவாட்டில் சீறும். ரிவால்வரின் உடன்பிறந்த குறை இது. ரஷ்யப் படைக்காக 1895இல் வந்த நாகாந்த் ரிவால்வரில், உருளையே முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டி இந்த இடுக்கை அடைத்துவிடும். ஆனால் அதன் விசை கனமானது. ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும் என்பது பொறியியலில் மாறாத பாடம்.

விசையிலும் ஒரு நுட்பம் உண்டு. குதிரையைக் கையால் இழுத்து நிறுத்திவிட்டுச் சுடும்போது, விசைக்கு ஒன்றரைக் கிலோ அளவு அழுத்தம் போதும். விசையே குதிரையையும் இழுத்து உருளையையும் திருப்ப வேண்டுமானால் நாலைந்து கிலோ அழுத்தம் வேண்டும். அவ்வளவு அழுத்தினால் முனை ஆடும். ஆகவே நிதானமாகச் சுடும் போட்டிகளில் முதல் முறையையே கையாண்டனர். நல்ல இலக்கு ரிவால்வரின் விசை, கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் திடீரென்று விடுபடும் என்பார்கள். இழுபறியோ தளர்ச்சியோ இருக்காது.

பம்பரமும் குண்டும்

குழலின் உட்புறம் வழவழப்பாக இராது. திருகாணியின் மரைபோல், ஆனால் மிக மெல்லச் சுழலும் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றில் சிக்கி நகரும் குண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே வெளியேறும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் குண்டு புரளாமல் நேராகச் செல்கிறது.

ஸ்மித் அண்டு வெஸ்ஸன் செய்த .38 இலக்கு ரிவால்வர்களில், குண்டு ஏறத்தாழ 476 மில்லிமீட்டர் செல்வதற்குள் ஒரு சுற்றுச் சுற்றும்படி பள்ளங்கள் வெட்டப்பட்டன. போட்டிக்குரிய மென்மையான தோட்டாவில் குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 235 மீட்டர். வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 490 சுற்றுக்கு மேல், நிமிடத்துக்கு ஏறக்குறைய முப்பதாயிரம் சுற்று!

இதே குண்டு 25 மீட்டரைக் கடக்கப் பத்தில் ஒரு பங்கு நொடிக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதை ஐந்தரைச் சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். பத்துப் புள்ளி வட்டத்தின் முழு விட்டத்தைவிட இது அதிகம். பின்காடியை உயர்த்தும் திருகு இருப்பது இதை ஈடுசெய்வதற்குத்தான். இலக்குக் குண்டின் முனையும் கூர்மையாக இராது, தட்டையாக இருக்கும். காகிதத்தில் துளையிடும் கருவிபோல் வட்டமாக வெட்டிச் செல்வதால், புள்ளிகளைக் கணக்கிடுவது எளிது.

சேகரிப்பாளர் தேடும் பெயர்கள்

பழைய இலக்கு ரிவால்வர்களில் சில பெயர்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. கோல்ட் நிறுவனத்தின் 'ஆபீசர்ஸ் மாடல்' 1904இல் வந்தது. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 1931இல் 'கே-22 அவுட்டோர்ஸ்மன்' என்ற .22 ரிவால்வரையும், 1940இல் அதைத் திருத்தி 'கே-22 மாஸ்டர்பீஸ்' என்பதையும் வெளியிட்டது. 1955இல் வந்த கோல்ட் 'பைத்தான்' அதன் மெருகுக்காகவே பெயர்பெற்றது. இங்கிலாந்தின் வெப்லி நிறுவனம் படைக்கு மட்டுமன்றிப் பிஸ்லி போட்டிகளுக்கும் தனி ரிவால்வர்கள் செய்தது. வெப்லியைக் கீல் போட்டதுபோல் நடுவில் மடக்கித் திறக்கலாம். திறந்தவுடன் ஆறு கூடுகளும் ஒருசேர மேலெழும்பும்.

இவற்றை வியப்பவர் விலையை மட்டும் பார்ப்பதில்லை. உருளையின் புறத்தைச் சுற்றி முளை உராய்ந்த மெல்லிய கீற்று இருக்கிறதா, திருகுகளின் தலைக்காடி சிதையாமல் இருக்கிறதா, பொறித்த எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, உறுப்புகளில் உள்ள எண்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பார். பளபளவென்று புதிதாக மெருகேற்றியதைவிட, தேய்ந்தாலும் தொடாததற்கே மதிப்பு அதிகம். பழைய செப்பேட்டைப் புளி போட்டுத் துலக்கினால் ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொள்வார் அல்லவா? அதுபோலத்தான்.

ரிவால்வர்களின் போட்டிக்காலம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அதன் ஒரு பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 1896இல் தன் சிறிய ரிவால்வருக்காகக் கொண்டுவந்த .32 நீளத் தோட்டா, இன்றும் பன்னாட்டு 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிகளில் சுடப்படுகிறது. துப்பாக்கி மட்டும் பெரும்பாலும் தானியங்கியாக மாறிவிட்டது. இந்தப் போட்டியில்தான் இந்தியாவின் ஜஸ்பால் ராணா 2006 தோகா ஆசிய விளையாட்டில் 590 புள்ளிகள் எடுத்து, அன்றைய உலகச் சாதனையைச் சமன் செய்து தங்கம் வென்றார்.

நீல நிறமும் குற்றாலச் சாரலும்

பழைய ரிவால்வரின் அழகில் பாதி அதன் கருநீல நிறம். அது வண்ணப்பூச்சு அன்று. எஃகின் மேல் திட்டமிட்டு உண்டாக்கிய ஒருவகைத் துரு! சாதாரணச் செந்துரு, நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. அது பொருக்காக உதிரும்; உள்ளே மேலும் அரிக்கும். பழைய தொழிலாளர் எஃகைச் சீராகத் துருப்பிடிக்கச் செய்து, கொதிநீரில் இட்டு அதைக் கறுப்பு ஆக்சைடாக மாற்றி, தேய்த்துத் துடைத்து, மீண்டும் மீண்டும் அதையே செய்தனர். இந்தக் கறுப்பு ஆக்சைடு, காந்தக்கல்லில் உள்ள அதே பொருள். அது எஃகோடு ஒட்டி நின்று எண்ணெயைப் பிடித்துக்கொண்டு, செந்துருவை ஓரளவு தடுக்கிறது. துருவைக் கொண்டே துருவைத் தடுப்பது நல்ல வேதியியல் அல்லவா?

ஆனால் இந்தக் காப்பு மிக மெல்லியது. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது உப்புச் சாடி கசிவதையும், தீப்பெட்டி நமத்துப்போவதையும் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரம் நூற்றுக்கு அறுபது பங்கைத் தாண்டினால் இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். விரல் வியர்வையின் உப்பு பட்டால் இன்னும் விரைவு. கைரேகை அப்படியே செந்துருவாகப் பதிந்துவிடும். தோல் உறையில் போட்டு வைப்பதும் கெடுதலே. தோலைப் பதனிடப் பயன்பட்ட அமிலப் பொருள்கள் ஈரத்தை உறிஞ்சி எஃகை அரிக்கும். பெட்டிக்குள் பத்திரமாக உறையோடு வைத்த பொருள் சில மழைக்காலங்களில் குழிகுழியாகிவிடுவதற்குக் காரணம் இதுதான். காட்சிக்கூடங்களில் பருத்திக் கையுறை அணிந்து, ஈரம் குறைந்த பேழைகளில் வைப்பது வீண் ஆடம்பரம் அன்று.

நம் பகுதியில் ஏன் அரிது?

தென்காசி மாவட்டம் 2019இல் உருவானது. ஆனால் அந்த மண்ணின் போர் வரலாறு பழையது. பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாளையக்காரர்களிடம் இருந்தவை வல்லயம், வாள், திரி கொளுத்திச் சுடும் துப்பாக்கி ஆகியவை. 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் ஒன்றைப் பிறப்பித்து, பாளையங்களில் கோட்டைகளும் ஆயுதங்களும் இருக்கக்கூடாது என்று தடுத்தார். கோல்ட்டின் காப்புரிமைக்கு அப்போது இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தன. ஆகவே பாளையக்காரர் எவரும் ரிவால்வரைக் கண்டிருக்க முடியாது.

பின்னர் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருக்கக்கூடாது. வெள்ளையருக்கோ விலக்கு இருந்தது. எனவே ரிவால்வர் என்பது இங்கே அதிகாரி, தோட்ட முதலாளி, ஜமீன்தார் போன்றோரின் இடுப்பில் மட்டும் இருந்த பொருள். வாஞ்சிநாதன் கைக்கு ஒரு துப்பாக்கி மறைவாக வரவேண்டியிருந்ததும் இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

விடுதலைக்குப் பின் பழைய சட்டத்தின் இடத்தில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது; 1962 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. 2019இல் செய்த திருத்தத்தின்படி, பொதுவாக ஒருவர் உரிமத்தின் பேரில் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று இருந்தது. .380, .455 ஆகிய படைத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரிவால்வர்கள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. பழைய வெப்லிகளில் மிகப் பலவும் இந்த வகையே. ஆகையால் வெளிநாடுகளில்போல் சுவர் நிறைய மாட்டி வைக்கும் தொகுப்பு நம் நாட்டில் சாத்தியம் இல்லை.

பெட்டியைத் திறக்கும்போது

இனிமேல் சொல்வதை ஒவ்வொரு வாசகரும் நினைவில் வைக்கவேண்டும். பழைய வீட்டை இடிக்கும்போதோ, பாகப்பிரிவினையின்போதோ, பரணில் உள்ள பெட்டியிலிருந்து ஒரு ரிவால்வர் வெளிப்படலாம். பலர் மனத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு.

ஒன்று, 'நூறு வருஷத்துத் துருப்பிடித்த இரும்பு, இது வெடிக்காது' என்பது. இது உயிருக்கு ஆபத்தான எண்ணம். தோட்டாவின் மருந்து காற்றுப் புகாத உலோகக் கூட்டுக்குள் இருப்பதால், பல பத்தாண்டுகள் கழிந்தும் வெடிக்கக்கூடும். ரிவால்வரின் குதிரையில் ஓங்கி ஓர் அடி பட்டாலே, பல பழைய வகைகளில், அறையில் இருக்கும் தோட்டா வெடித்துவிடும். ஆகவே விசையைத் தொடாதீர்கள். திறந்து பார்க்க முயலாதீர்கள். குழலின் முன்னால் எவரும் நிற்க வேண்டாம். எண்ணெய் விட்டுத் தேய்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

மற்றொன்று, 'பழம்பொருள்தானே, உரிமம் எதற்கு?' என்பது. வயது மட்டும் எந்தத் துப்பாக்கியையும் பழம்பொருள் ஆக்காது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இனிச் சுடவே முடியாது என்ற நிலையில் உள்ள பழங்கால ஆயுதத்துக்குத்தான் சட்டம் விலக்கு அளிக்கிறது. 1915இல் வந்த வெப்லி ஆறாம் வகை ரிவால்வர் ஒன்று நல்ல நிலையில் இருந்தால், அது இன்றும் சுடும். எனவே சட்டத்தின் கண்ணில் அது இன்றும் துப்பாக்கிதான்.

உரிமம் பெற்றிருந்தவர் இறந்துவிட்டால், வாரிசுகள் காலம் தாழ்த்தாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ அதை ஒப்படைத்து, ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். பின்னர் தம் பெயரில் உரிமம் கேட்கலாம். அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கலாம். குறித்த காலத்துக்குள் எதுவும் செய்யாவிட்டால் அது பறிமுதலாகும். பெட்டியில் கண்டது உரிமமே இல்லாத பொருள் என்றால், அதைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்காமல், இருந்த இடத்தில் விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் செய்தி சொல்வதே முறை.

அதோடு ஒரு வேண்டுகோள். துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம், அதன் கதையைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய உரிமப் புத்தகம், வாங்கிய ரசீது, போட்டியில் கிடைத்த கோப்பை, தாத்தா அதைப் பிடித்துக்கொண்டு எடுத்த புகைப்படம் ஆகியவை உங்களிடமே இருக்கலாம். அவற்றுக்கு உரிமம் வேண்டாம். எண்ணும் பெயரும் தெரியாத இரும்பு உருக்கப்பட்டால் எடைக்குத்தான் போகும். வரலாறு எழுதி வைக்கப்பட்ட பொருளையோ, அருங்காட்சியகத்துக்குத் தரவேண்டும் என்று எழுதிக் கேட்க வழி உண்டு.

கையில் எடுக்காமல் காண்பது

சரி, நமக்கு வழி என்ன? சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திலும், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் பழைய ஆயுதங்கள் வைக்கப்பட்டுள்ளன. சென்னையில் 2021இல் காவல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த முறை செல்லும்போது ஒரு பேழையின் முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அது உருளை உள்ளதா இல்லாததா? நடுவில் மடங்குமா, உருளை பக்கவாட்டில் விலகுமா? பின்காடியில் திருகு உண்டா? திருகு இருந்தால், செய்தவன் மனத்தில் இலக்கு இருந்தது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

மாணவர்கள் ஒரு சோதனையும் செய்யலாம். தடித்த அட்டையில் வட்டம் வரைந்து, மையத்திலிருந்து 12 மில்லிமீட்டரில் ஆறு துளைகளைச் சம இடைவெளியில் இடுங்கள். வட்டத்தின் மையத்தில் ஊசி குத்தி, பின்னால் ஒரே ஒரு துளையுள்ள மற்றோர் அட்டையை வைத்துச் சுழற்றுங்கள். ஆறு துளைகளும் ஆறு முறையும் அந்த ஒரே துளைக்கு நேர் நிற்கின்றனவா? எத்தனை முறை வரைந்தாலும் ஒன்றிரண்டு பிசகும். அப்போதுதான் எஃகில் அதைச் சாதித்தவனின் அருமை புரியும்.

மீண்டும் மணியாச்சி நிலையத்துக்கு வருவோம். அன்று சுட்டவருக்கும் சுடப்பட்டவருக்கும் இடையே இருந்தது ஒரு ரயில் பெட்டியின் உள்ளிடம்தான். அந்தத் தொலைவில் காடியும் முள்ளும், திருகும் மெருகும் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு உயிர்கள் போவதற்குத் துல்லியம் வேண்டியிருக்கவில்லை. விரல் ஒன்றே போதுமானதாக இருந்தது. துல்லியம் வேண்டியிருந்தது காகிதத்தைச் சுட்டவனுக்குத்தான். சுட்டு முடித்ததும் அவன் இலக்கை நோக்கி நடந்து சென்று துளைகளை எண்ணுவான். பிசகினால் தன் கையையே நொந்துகொள்வான். மறுநாள் மீண்டும் வருவான். பழைய இலக்கு ரிவால்வரை வியக்கும்போது நாம் வியப்பது அந்தப் பொறுமையையும், அதற்காக அரம் பிடித்த தொழிலாளியின் கையையுமே. அந்த வியப்புக்கு உரிமம் தேவையில்லை.